மூன்றாவது டப்பா

இன்னொரு நாள் தாமதமானால் டோரீன் வாஸ்கோவுக்கு மலையூர் லெட்வில்லிலிருந்து தபால் வண்டி ஓட்டும் வேலை போய்விடும். கான்சஸ் சமவெளியில் வாங்கிய அவளுடைய பழைய பிக்கப் வண்டியோ கணவாய் ஏற்றத்தில் கரும்புகை கக்கித் திணறியது. பெட்ரோலில் எஞ்சினைச் சுத்தம் செய்யும் மருந்து இரண்டு டப்பா ஊற்றியும் பலனில்லை.

"மூணாவதும் வாங்கிட்டியா? வண்டிய குடிகாரனாக்காம விடமாட்டே போல," என்றான் பக்கத்து வீட்டு ஹாங்க்.

டோரீன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். கரி அப்பியிருந்தது.

"பெட்ரோல் நல்லாத்தான் இருக்கு ஹாங்க். இந்த உயரத்துல காத்துதான் கம்மி. இருக்கிற காத்துக்கு இது அதிகமா குடிக்குது."

கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோல் பாயும் பெரிய துளை ஜெட்டை எடுத்துவிட்டுச் சின்னத் துளை உள்ளதை மாட்டினாள். குளிரில் விரல் மரத்து இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை பொருந்தியது.

மறுநாள் காலை புகையில்லாமல் ஏற்றத்தைக் கடந்து அவள் வந்தபோது, கணவாய்க்கு அப்பால் இருந்த தபால் அலுவலகம் இன்னும் திறந்திருக்கவில்லை. மூடி திறக்காத மூன்றாவது டப்பாவோடு டோரீன் வாசலில் காத்திருந்தாள்.