தாரில் பதிந்த கை

டெக்சிப்போஸ் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் கயிறு முறுக்குகிறவன். வேலை இல்லாத நாளெல்லாம் ஏதென்ஸுக்கு நடந்துபோய், வண்ண மண்டபத்தில் தத்துவம் பேசுகிறவர்கள் நடுவே உட்கார்ந்துவிடுவான். கண் சேதிதான் கொண்டுவரும், அதை ஒப்புக்கொள்வது அறிவின் வேலை என்பார் ஆசிரியர். மெழுகில் முத்திரை பதிவதுபோல் தெளிவாகப் பட்டால் ஒப்புக்கொள். துளி ஐயம் இருந்தாலும் நிறுத்திவை. இதைக் கேட்ட நாள் முதல் மனுஷன் மீன் வாங்கக்கூட அரை நாள் யோசித்தான். பெண்டாட்டி மிர்டிஸ் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோவாள்.

தாயைப் பார்க்க அவள் போன கப்பல் அந்திரோஸ் தீவருகே உடைந்தது. உடல் கிடைக்கவில்லை. வெறும் குழிக்குச் சடங்கு செய்து, அழுதுகொண்டே கல் நட்டான்.

அடுத்த பூத்திருவிழாவின் கடைசி நாள். செத்தவர்கள் ஊருக்குள் உலவும் நாள் என்பதால், அவர்கள் உள்ளே வராதிருக்க எல்லா வீட்டுக் கதவுநிலையிலும் புதுத் தார். பொழுது சாயும் நேரத்தில் டெக்சிப்போஸ் கதவைத் திறந்தால், எதிரே மிர்டிஸ். எலும்பும் தோலுமாக, மழித்த தலையோடு, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாங்க. மீன்காரங்க காப்பாத்துனாங்க. இத்தனை நாளும் காய்ச்சல்ல கிடந்தேன். கொஞ்சம் தண்ணி குடுங்க."

செத்தவர்களுக்குத்தான் தாகம் அடங்காது. அவன் ஓரடி பின்வாங்கினான். கண் அவள்தான் என்றது. அறிவோ அவன் நட்ட கல்லைக் காட்டியது.

"நீ செத்துட்ட. நான்தான் சடங்கு பண்ணேன்."

"அட கூறுகெட்ட மனுஷா! மீன் வாங்குற மாதிரி இப்பவுமா யோசிப்ப? தொட்டுப் பாரேன்!"

அவன் தொடவில்லை. அந்நேரம் பார்த்துத் தெருவில் ஆவிகளை விரட்டும் கூச்சல் எழுந்தது. அவனும் சேர்ந்து கத்தினான்.

"வெளிய போங்க! திருவிழா முடிஞ்சிருச்சு!"

கதவைச் சாத்தினான்.

காலையில் பார்த்தால், தாரில் ஐந்து விரல்கள். சுண்டுவிரல் கோணல். அவன் முறுக்கிய கயிற்றில் சிக்கி மிர்டிஸுக்கு ஒடிந்த அதே விரல். ஆவிக்குக் கைத்தடம் ஏது? தலைதெறிக்கத் துறைமுகத்துக்கு ஓடினான்.

"அந்த மொட்டத்தலப் பொண்ணு விடியறப்பவே ஏதோ கப்பல்ல ஏறிடுச்சுய்யா," என்றாள் ரொட்டிக்காரி. "தண்ணிகூட நான்தான் குடுத்தேன்."

மண்டபத்தில் போய் அழுதான். ஆசிரியர் கேட்டார்: "கண்ணு சொன்னத நிறுத்திவெச்ச, சரி. பயம் சொன்னத மட்டும் ஏன்யா உடனே ஒத்துக்கிட்ட?"

அந்தத் தாரை அவன் கடைசிவரை சுரண்டவில்லை. வருஷாவருஷம் தெருவே ஆவிகளை விரட்டும்போது, அவன் மட்டும் கதவை அகலத் திறந்து, குவளைத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பான். அவள் ஆவியாக வந்தாலும் போதும் அவனுக்கு.