அவர் தலைக்கு நான் எடுத்த விளக்கு

எங்கள் ஊரில் யாருக்கெல்லாம் தலைவலி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். பெரிய காஞ்சிபுரத்துச் சிவன் கோயில் ஒன்றில், புது மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றி, அதைத் தலையில் வைத்துக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி வருவார்கள். மண்டை விளக்கு என்று பெயர். தீராத தலைவலி, காது இரைச்சல், தலைசுற்றல், படித்தது எதுவும் மண்டையில் ஏறாத பிள்ளை என்று கழுத்துக்கு மேலே எது கெட்டாலும் இதுதான் வேண்டுதல். நான் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தவள். சனிக்கிழமை என்னிடம் மாத்திரை வாங்கிப் போனவர்களே ஞாயிற்றுக்கிழமை தலையில் சட்டியோடு எதிரே வருவார்கள். எனக்கு அது ஒருநாளும் விசித்திரமாகத் தெரிந்ததில்லை. மாத்திரை ஒரு பக்கம் வேலை செய்யட்டும், சாமி ஒரு பக்கம் செய்யட்டும். வலி போனால் சரி.

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. பட்டுப் புடவைகளுக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவர் தொழில். கோபுரத்தை பார்டரில் விதவிதமாக வரைவாரே தவிர, கோயில் படியை மிதிக்க மாட்டார். கார்த்திகை ஞாயிறு வந்துவிட்டால் கோயிலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களைக் கிண்டல் செய்வார். வீட்டுக்கு வந்தால் அடுத்து நான்.

"நீ மாத்திரையும் விக்கிற, மண்டை விளக்குக்கு வழியும் சொல்ற. ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுக் குடுத்துடேன்மா."

அப்படிப் பேசியவருக்கே தலைவலி வந்தது. நாளெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று நான்தான் சொன்னேன். தைலம் தேய்த்தேன், சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டேன், கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்தேன். ஒருநாள் காலையில் அவர் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். அப்படியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். எப்போதோ ஸ்கூட்டரிலிருந்து சறுக்கி விழுந்து, ஒன்றுமில்லை என்று தூசி தட்டிக்கொண்டு எழுந்து வந்தாரே, அன்று பட்ட அடியில் மண்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. உடனே சென்னைக்குக் கொண்டுபோனோம்.

ஆபரேஷன் அறை வாசலில் நின்று நான் வேண்டிக்கொண்டேன். "இந்தத் தலையைத் திருப்பிக் குடு சாமி. இதே தலையில உனக்கு விளக்கு எடுக்க வைக்கிறேன்." யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தேன்? பதற்றத்தில் அடுத்தவர் தலையை அடகு வைத்துவிட்டேன்.

தலை திரும்பி வந்தது. முடிதான் வரவில்லை. ஆபரேஷனுக்காக முழுக்க மழித்திருந்தார்கள். கோயில் ஊரில் மொட்டைத் தலைக்கு ஒரே அர்த்தம்தான். வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கிய உடனே, எங்கள் தெருவுக்கு டீ கொண்டுவந்திருந்த, விஷயம் தெரியாத டீக்கடைக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "என்னா சார், கடைசியில நீங்களும் மொட்டை போட்டுட்டீங்களே! திருப்பதியா, திருத்தணியா?"

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை என் கணவரால் தாங்க முடியவில்லை. உள்ளே போனவர் வாசல் பக்கமே வரவில்லை. இடது கால் கொஞ்சம் இழுத்தது, கையில் தடி இருந்தது. அவற்றைக்கூடச் சகித்துக்கொண்டார். பக்தன் என்று நாலு பேர் நினைப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆப்பா தினமும் வந்தார். ஆப்பா என்றால் அவர்கள் வீட்டு உருதுவில் அக்கா. மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வெளியே தண்ணீர் பாட்டிலோடு நிற்பார். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிக் கொடுப்பதை நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். "குடிச்சிடுங்க தம்பி, அல்லா பாத்துக்குவான்" என்பார். என் கணவர் மறுபேச்சில்லாமல் குடிப்பார்.

"நான் விபூதி வெச்சா மட்டும் தட்டி விடறீங்க?" என்று கேட்டால், "தாகமா இருந்துது" என்பார்.

உடற்பயிற்சி சொல்லித்தர வீட்டுக்கு வந்த பிசியோ டாக்டரம்மா இளம்பெண். சிரித்துச் சிரித்துப் பேசுகிறவள் ஒருநாள் சிரிக்கவில்லை. "சார் வெளிய வந்து தினமும் நடக்கணும். இப்படியே உக்காந்துக்கினு இருந்தா கால் இறுகிப் போயிடும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல" என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அவர் அசையவில்லை. அந்த நாட்களில் எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாவிலிருந்து மீண்ட மனிதர் வெட்கத்தினால் முடமாகிறாரே என்று சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன்.

ஒருநாள் அவர் காதிலும் விழும்படியே டாக்டரம்மாவிடம் என் வேண்டுதலைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துவிட்டு, "தலையில பாரம் கூடவே கூடாது. சூடும் கூடாது. ஆனா சுத்தி வரது நல்லதுதானே ஆன்ட்டி? வண்டி வராது, களைச்சா உக்கார மண்டபம் இருக்குது. இதவிட நல்ல இடத்துக்கு நான் எங்க போவேன்? விளக்கை நீங்க எடுங்க, சாரை நடக்க வைங்க" என்றாள்.

கார்த்திகையின் கடைசி ஞாயிறு. விடியற்காலையில் மாவு இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழித்து நெய் ஊற்றி, புதுச் சட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் தடிச் சத்தம் கேட்டது.

"வெறும் வயித்தோட நின்னாலே உனக்குத் தலை சுத்தும். இதுல நெருப்பை வேற தூக்கி வெச்சிக்கப் போறியா? இரு, நானும் வரேன். உனக்குத் துணைக்குத்தான், சாமிக்கு இல்ல."

"சாமி உங்களைக் கேக்கவே இல்லியே" என்றேன். ஆட்டோவில் ஏறுகிற வரைக்கும் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

கூட்டமான கூட்டம். சும்மாடு கூட்டிச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டேன். அவர் வலது கையில் தடியை ஊன்றிக்கொண்டு, பழக்கம் விட்டுப்போன இடது கையால் என் முழங்கையைப் பிடித்தார். ஓரிடத்தில் தரையில் ஒரு கல் தூக்கிக்கொண்டிருந்தது. "பாத்து, கல்லு" என்றார். யார் யாருக்குத் துணை என்று எனக்கே தெரியவில்லை.

முன்னால் விளக்கோடு போன ஒரு பெண் திரும்பி, "எந்தக் கோயில் மொட்டைங்க?" என்று அவரைக் கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஆஸ்பத்திரி மொட்டைம்மா" என்று சொல்லித் தலையைத் திருப்பித் தையலைக் காட்டினார்.

"அட, எனக்கும் போன வருஷம் கட்டி எடுத்தாங்கண்ணா. உங்களுக்கு ராத்திரியில ஊசி குத்தற மாதிரி இருக்குதா?"

"இருக்குதும்மா! இவகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கறா."

அதன்பிறகு என்னை யார் கவனித்தார்கள்? என்ன மாத்திரை, எந்தப் பக்கம் படுப்பது, மரத்த இடத்தில் எப்போது உணர்ச்சி வரும் என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். பக்கத்தில் வந்த ஒரு பெரியவரும் தன் காது இரைச்சலோடு சேர்ந்துகொண்டார். ஊர் கண்ணிலிருந்து தன் மொட்டையை மறைத்தவருக்கு இங்கே மறைக்க ஒன்றுமில்லை. அன்றைக்கு அந்தப் பிராகாரத்தில் தலை சரியில்லாதவர்கள்தான் பெரும்பான்மை.

சுற்றி முடித்து விளக்கும் அணைந்தபின் மண்டபத்தில் உட்கார்ந்தோம். மாவைப் பிட்டு இரண்டு பேரும் தின்றோம். காலிச் சட்டியை அவர் கையில் எடுத்து, ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, தையல் படாமல் தன் மொட்டைத் தலையில் ஒரு நொடி கவிழ்த்துக்கொண்டார்.

"போதுமா உனக்கு?"

நான் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அவர் அந்தச் சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மாத்திரை போட்டு வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை அவரே செருப்பை மாட்டிக்கொண்டு கூப்பிட்டார். அதற்குப் பிறகு பல வருடங்கள் தினமும் அதே பிராகாரத்தில் நடந்தோம். தடி போய்விட்டது, முடி வந்துவிட்டது. சன்னிதிக்குள் மட்டும் ஒருநாளும் வரவில்லை. நான் உள்ளே போய்விட்டு வரும்வரை வெளியே நின்று கோபுரத்தை நோட்டம் விடுவார். அந்தக் கல் வந்தால் தவறாமல் "பாத்து, கல்லு" என்பார். எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுவேன்.

போன ஆடியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். வேண்டிக்கொள்ளக்கூட நேரமில்லை.

இந்தக் கார்த்திகையில் வேண்டிக்கொள்ள எனக்கு ஒரு தலையும் இல்லை. ஆனாலும் கடைசி ஞாயிறன்று கால் வீட்டில் நிற்கவில்லை. வெறுங்கையோடு போய்ச் சுற்றினேன். முழங்கை குளிர்ந்து கிடந்தது. அந்த இடம் வந்ததும் என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"பாத்து, கல்லு."

பின்னால் தலையில் விளக்கோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண், "சரிம்மா" என்று சொல்லி, காலை எட்டி வைத்துத் தாண்டினாள்.