துரையின் காலை நோட்டு

எங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பவள் அக்காதான். அலாரமெல்லாம் வைக்க மாட்டாள். ஐந்து மணிக்குத் துரை அவள் அறைக் கதவை நகத்தால் ஒரு தடவை பிறாண்டும். இரண்டாவது பிறாண்டலுக்குள் கதவு திறந்துவிடும். துரை என்பது நாய். தான் ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் வேலை வாங்குவதால் அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். இந்த வீட்டில் அப்படி இன்னொரு துரையும் உண்டு என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பில்லை.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பல இடங்களிலிருந்து பாட்டிலில் வரும் தண்ணீரை மோந்து பார்த்து, வடிகட்டி, மருந்து விட்டுப் பார்த்து, குடிக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பாள். இருபத்து மூன்று வருடமாக ஒரே மேசை, ஒரே ஸ்டூல். நடுவில் இரண்டு முறை வெளியூருக்குப் பதவி உயர்வு வந்தது. இரண்டு முறையும் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். எனக்குக் கடை, கல்யாணம், குழந்தை என்று ஒவ்வொன்றாக நடந்தது. அக்காவுக்கு நடந்ததெல்லாம் அம்மாவின் அறைக்கும் அந்த ஸ்டூலுக்கும் இடையில்தான்.

அம்மா போன மூன்றாவது மாதம், என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்த ஒருவர் ஒரு குட்டியை என் தலையில் கட்டினார். நான் அதை அப்படியே அக்கா தலையில் கட்டினேன். உனக்குத் துணையாக இருக்கும் என்று வேறு சொன்னேன். வாய் கூசவில்லை.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் வாரமே துரை மாடிப்படியில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, இன்னொரு தடவை படி நனைந்தால் நாய் இங்கே இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குட்டியின் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். அதற்கு என்ன தெரியும், அதன் நேரம் நமக்குத் தெரிந்தால் போதும் என்றாள்.

ஒரு பழைய நோட்டில், தண்ணீர் மாதிரிகளுக்குப் போடுவதுபோலவே கோடு போட்டாள். நேரம், இடம், அளவு. அளவு மூன்று வகை: சொட்டு, கொஞ்சம், குளம். நாலே நாளில் அதன் போக்கு பிடிபட்டது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்தில், விளையாடி முடித்ததும். அந்த நேரம் வருவதற்குள் குட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்குவாள்; நடக்கவிட்டால் படியிலேயே காரியத்தை முடித்துவிடுமே. தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கொஞ்சம் புல் இருந்தது. எப்போதும் அங்கேதான் இறக்கிவிடுவாள். மெதுவான குரலில் ‘ஆகட்டும்’ என்பாள். அது முடித்த கையோடு கழுத்தைத் தடவி ஒரு துண்டு பிஸ்கட். வீட்டுக்குள் தப்பு நடந்தால் திட்டு கிடையாது. வாடை தங்காமல் வினிகர் விட்டுத் துடைப்பதோடு சரி. மூன்றாவது மாதம் படிகள் காய்ந்துவிட்டன. செயலாளரே குனிந்து துரையைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு துரையை யார் கீழே கூட்டிப்போவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. ஐந்து மணிக்கு நாய். ஐந்தரைக்குப் பால். என் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ், ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். அப்புறம் என் மகளை எழுப்பி, ஜடை போட்டு, சாப்பாட்டு டப்பா கட்டி, ஏழரை மணி வேனில் ஏற்றுவதும் அக்காதான். கடை பத்து மணிக்குத்தான் என்பதால் நான் எட்டரை வரை தூங்குவேன். மழை, காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை எதுவும் துரைக்குக் கிடையாது. ஒருமுறை, தன்னுடன் வேலை செய்பவர்களோடு இரண்டு நாள் வெளியூர் போகலாமா என்று அக்கா பேச்செடுத்தாள். காலையில் நாய்க்கு யார் என்று நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன். அவள் பேச்சை விட்டுவிட்டாள்.

அப்போதுதான் மூன்றாவது பதவி உயர்வு உத்தரவு வந்தது. வாரியம் ஓர் ஏரிக்கரையில் புதிதாகத் திறக்கும் கூடத்துக்கு அவள்தான் தலைமை. தங்குவதற்கு இரண்டு அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் ஏரி. வளாகத்துக்குள் நாய் பூனைக்கு அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுதித் தர வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போதுகூட நடுவில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். அவள் எதையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“இந்த வாரம் நீ கூட்டிட்டுப் போடா. உன்கூடப் போய்ட்டான்னா நான் கிளம்பிடுறேன். தினமும் நோட்டுல எழுதிடு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை துரை என்னோடு வந்து, புல்லில் நின்று, மூன்றாவது மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கெஞ்சினேன். மேலே வந்ததும் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் குளம். வெளியே போகவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். மறுநாள், தூக்கக் கலக்கத்தில், அக்காவைப் போலவே மெதுவாக ‘ஆகட்டும்’ என்றேன். துரை காலைத் தூக்கியது. ரொம்பச் சுலபமாக முடிந்துவிட்டது.

எனக்கும் சந்தோஷம்தான், படியேறத் தொடங்கும்வரை. முதல் மாடியில் ஐந்து மணி ஞாபகத்துக்கு வந்தது. இரண்டாவது மாடியில் பால், ஜடை, டப்பா, வேன். மூன்றாவது மாடிக்கு வந்தபோது என் மனசு மாறிவிட்டது. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். ஒரு குவளைத் தண்ணீரைச் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் ஊற்றினேன். துடைத்தேன். துணியைக் கொடியில் போட்டேன். வெளியே போகவில்லை, ஹாலில், குளம் என்று எழுதினேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, எல்லா நாளும் அதே குவளை, அதே இடம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா தாமதமாக வந்தாள். குடும்பச் சூழல் காரணமாக இயலவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பாழாய்ப்போன நாயால் உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று நான் அங்கலாய்த்தேன். அவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டுத் துரையின் கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. போன வாரம் அவள் போன் கீழே விழுந்து திரை நொறுங்கியது. கடையில் புதுத் திரை போட்டு உயிர் கொடுத்தேன். முதலில் தெரிந்தது ஒரு ஜன்னல், அதற்கு அப்பால் ஏரி. அவளுக்குப் பதிலாக அந்த வேலைக்குப் போனவர் அனுப்பிய படம் என்று பிறகு தெரிந்தது. அதைத்தான் அவள் போனின் முகப்பில் வைத்திருந்தாள். அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து வாசலில் போய் நின்றேன். அக்கா குனிந்து துரைக்குக் கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் துரை என்னோடு போனது, நோட்டில் எழுதியதெல்லாம் பொய் என்று சொன்னேன்.

“தெரியும்டா. திங்கட்கிழமையே துணியை மோந்து பார்த்தேன். வெறும் தண்ணி. இருபத்து மூணு வருஷமா அதைத்தானே பார்க்கிறேன்.”

அப்புறம் ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

“நீயே சொல்லுவேன்னு வெள்ளிக்கிழமை ஆபீஸ் பூட்டுற வரைக்கும் லெட்டரைக் கையிலயே வெச்சிருந்தேன். ஒரு நாயைக் கீழ கூட்டிட்டுப் போறதுக்கே இவ்வளவு வித்தை காட்டுறவன்கிட்ட, உன் பொண்ணை எப்படி விட்டுட்டுப் போறது?”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது தினமும் நான்தான் துரையைக் கூட்டிப்போகிறேன். திரும்பி வந்ததும் நேரம், இடம், அளவு என்று ஒன்று விடாமல் நோட்டில் எழுதுகிறேன். அக்கா அந்த நோட்டைத் திறப்பதில்லை. கொடியில் கிடக்கும் துணியை எடுத்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுப் பால் காய்ச்சப் போகிறாள்.