பழைய பெயரைக் கேட்டு வந்த போன்

“பேரை எதுக்கும்மா மாத்துறீங்க?”

நீதிமன்றக் கவுண்டருக்குள் இருந்த எழுத்தர் சாதாரணமாகத்தான் கேட்டார். சித்தி என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் முடித்தவள், வாயாடி என்றுதான் என்னைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தாள். பின்னால் நீளமான வரிசை. அத்தனை பேர் காதிலும் விழும்படி என்ன சொல்வது?

சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் விரிப்புகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை. அதைத் தவிர வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. அது அவள் புருஷனுக்கும் தெரியும். அடி தாங்காமல் அவள் ஓடி வந்த பிறகு, அவன் ஒவ்வொரு சலவைக்கூடமாகப் போன் போட்டு, அவள் பெயரைச் சொல்லி, “இங்க வேலை பாக்குறாளா?” என்று கேட்பான். யாராவது ஒருவர் வெள்ளந்தியாக, “ஆமா, கூப்பிடட்டுமா?” என்பார். மறுநாள் வாசலில் நிற்பான். முன்பு வேலை பார்த்த இடத்துக்குக் கடைசியாக அப்படி வந்தபோது சித்தியின் மணிக்கட்டை உடைத்துவிட்டுப் போனான். கனமான போர்வையை உதறும்போது இன்றும் அவள் முகம் சுளிக்கும்.

எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் உண்மையான பெயரைத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர் இருந்தால் அவன் வருவான். அதனால்தான் சட்டப்படி பெயரையே மாற்றிவிடலாம் என்று வந்திருந்தோம்.

எழுத்தர் தொடர்ந்தார். “பழைய பேரு, புதுப் பேரு, விலாசம், எல்லாம் பத்திரிகையில வரணும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா தெரியணும்ல?”

அப்போதுதான் சித்திக்கு வாய் திறந்தது. “ஆட்சேபணை உள்ளவன் ஒருத்தன்தாங்க. அவன் கண்ணுல படக் கூடாதுன்னுதான் மாத்துறதே. அவனுக்கே விளம்பரம் போட்டுச் சொல்லணுமா?”

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். “இதைச் சொல்லணும்ல தாயி. நீதிபதிகிட்ட தனியா மனு கொடுங்க. அவர் சரின்னா விளம்பரம் வேணாம்.”

அலையாய் அலைந்தோம். நீதிபதி முன்னால் சித்தி மணிக்கட்டைக் காட்டினாள். உத்தரவு கிடைத்தது. இனிப் பயம் விட்டுவிடும் என்று நினைத்தேன். அது புதுப் பெயரோடும் ஒட்டிக்கொண்டே வந்தது.

சித்தி பழைய பெயரிலேயே புதிதாகச் சேர்ந்திருந்த சலவைக்கூடத்தில் அதற்குள் நானும் சேர்ந்திருந்தேன். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். சித்தி ஒரு முனை, நான் ஒரு முனை. எங்கள் மேஸ்திரி அக்கா எல்லோரையும் கூப்பிட்டுப் புதுப் பெயரைச் சொல்லிப் பழக்கினாள். கூட வேலை பார்க்கும் சோடாவுக்கு மட்டும் பழகவில்லை. எப்போதும் பொங்கிப் பொங்கிப் பேசுவதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

“என் நாக்கு பழைய வண்டிடி. திருப்பத்துல மெதுவாத்தான் திரும்பும்,” என்று சிரிப்பாள்.

சாப்பாட்டு நேரம். இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. நானும் சித்தியும் கடைசி விரிப்பை மடித்துக்கொண்டிருந்தோம். சுவரிலிருந்த போன் அடித்தது. எடுத்த மேஸ்திரி அக்காவின் முகம் மாறியது. எங்களைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: “அந்தப் பேருல இங்க யாரும் இல்லீங்களே.”

சித்தியின் கையிலிருந்த முனை நழுவியது.

சரியாக அந்த நேரம் பார்த்து, போன் வந்ததே தெரியாமல், சோடா உள்ளே வந்தாள். சித்தியின் பழைய பெயரைக் போனுக்குள்ளும் கேட்கும்படி கூடமே அதிரக் கூப்பிட்டு, “சாப்பிட வரலையா? பசி உயிர் போகுது!” என்றாள்.

“இதோ வர்றேங்க்கா!”

கத்தியது நான். யோசித்துச் செய்யவில்லை. மேஸ்திரி அக்கா உடனே அதைப் பிடித்துக்கொண்டு போனில் சொன்னாள். “அட, இந்தக் குட்டியக் கேக்குறீங்களா? இப்பதாங்க பள்ளிக்கூடம் முடிச்சிட்டு வந்திருக்கா. நான் யாரோ பெரிய ஆளுன்னு நெனச்சேன். இந்தாங்க, பேசுங்க.”

அவன் என்னைப் பார்த்தது சித்தியின் கல்யாணத்தில், மூக்கொழுகித் திரிந்த வயதில். என் குரல் தெரிய வழியில்லை. போனை வாங்கினேன்.

“ஹலோ, யாரு?” என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “உனக்கு என்ன வயசு?”

“அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? எங்கப்பாவைக் கூப்பிடவா?”

போனை வைத்துவிட்டான்.

திரும்பிப் பார்த்தால் சித்தி மேஜைக்கு அடியில், அழுக்கு விரிப்புகளின் குவியலுக்குள் இருந்தாள். சோடா, “என் வாயில மண்ணைப் போட!” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“அழுதது போதும்,” என்றாள் மேஸ்திரி அக்கா. “இனிமே அந்தப் பேரு இந்தப் பொண்ணுக்கு. யாரு வாய் தவறினாலும் இவதான் திரும்பணும்.”

அன்றிலிருந்து கூடத்தில் அதுதான் என் பெயர். சித்தியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், ஆனால் சொல்லும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அவன் நம்பினானா, இல்லை நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டானா, எங்களுக்குத் தெரியாது. வாசலில் ஒரு நிழல் விழுந்தால் எங்கள் நடுவிலுள்ள விரிப்பு விறைத்து நிற்கும். யார் என்று தெரிந்த பிறகுதான் மடிப்போம்.

உங்களோடு வேலை செய்யும் ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டால் ஏன் என்று குடைய வேண்டாம். புதுப் பெயரை அன்றைக்கே நாக்குக்குப் பழக்குங்கள். போனில் பெயர் சொல்லி யார் கேட்டாலும் “ஆமா” என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் வேலையிடத்தில் போன் எடுப்பவர் யாரோ, முதலில் அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.