கோட்டுக்குள் இருந்த புறா

நேற்று ஜோகுபாளையத்தில் ஒரு பிறந்தநாள் விழா. மேஜிக்காரர் கைக்குட்டையிலிருந்து வெள்ளைப் புறாவை எடுத்தார். அதன் சிறகடிப்பு என்னை எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கொண்டுபோய்விட்டது.

அன்று மேஜிக் செய்ய வந்தவர் என் அப்பா. கோட்டுக்குள் புறாவை ஒளித்துக்கொண்டு மேடையோரம் காத்திருந்தார். சிறப்பு விருந்தினர் பேச்சை முடிப்பதாயில்லை. உள்ளே தொட்டுப் பார்த்த அப்பா, எல்லோர் முன்னாலும் பட்டன்களைக் கழற்றி, துவண்டிருந்த புறாவை வெளியே எடுத்துத் தண்ணீர் கொடுத்தார். என் வகுப்புப் பெண்கள் "ஏமாத்து வேலை!" என்று சிரித்தார்கள். மேஜிக் நிகழ்ச்சி ரத்தானது.

பஸ்ஸில் அவமானத்தில் அழுதேன். "ஏம்ப்பா அப்படிப் பண்ணீங்க?"

"என்னை நம்பித்தானேம்மா சத்தம் போடாம உள்ள உக்காந்திருந்துச்சு."

வீட்டில் அம்மா கேட்டாள், "ஷோ எப்படிப் போச்சு?"

"புறா நல்லா இருக்கு," என்றார் அப்பா.