அண்ணியோடு ஓபரா பார்த்தது

நான் ஆங்கிலம் கற்றுத்தரும் பயிற்சி நிலையத்தில் கூட வேலை செய்கிறவர் இரண்டு இலவசச் சீட்டு கொடுத்தார். சனிக்கிழமை மதியம், ஒரு பழைய பிரெஞ்சுப் படம், ஓபராவை அப்படியே படமாக எடுத்தது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஏசி இருக்கா?" என்றார்.

தெரியாது என்றதும் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணி கிளம்பினார், இடுப்பில் பர்மியப் பெண்கள் கட்டும் கைலியான புதுத் தமெயின், தலையில் மல்லிகை. எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டில் பஸ் ஏறினோம்.

படம் தொடங்கியது. ஒரு மாளிகையில் விருந்து. கதாநாயகன் வாயைத் திறந்தான், பாடினான். கதாநாயகியும் பாடியே பதில் சொன்னாள். அண்ணி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"எப்பப் பேசுவாங்க?"

"பேச மாட்டாங்க அண்ணி. கடைசி வரைக்கும் பாட்டுதான்."

"சாப்பிட வாங்கன்னு கூப்பிடுறதுமா?"

"அதுவும்தான்."

"அப்ப சரி" என்று வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

திரைக்குக் கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடியது. அண்ணியின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த பர்மிய அம்மாள் என் முழங்கையைத் தட்டி, தனக்கும் சொல்லச் சொன்னார். நல்லவேளை, ஓபராவில் ஒரே வரியை நாலு தரம் பாடுகிறார்கள். முதல் தரம் நான் படிப்பேன், இரண்டாம் தரம் தமிழ், மூன்றாம் தரம் பர்மிய மொழி. நாலாவது தரம்தான் பாட்டைக் கேட்பேன். உண்மையில் அருமையான குரல்.

கதாநாயகிக்கு நெஞ்சு நோய். படுக்கையில் கிடக்கிறாள். சண்டை போட்டுப் பிரிந்த காதலன் மழையில் வண்டியை விரட்டிக்கொண்டு வருகிறான். மாடிப்படியில் கால் வைத்தான், கரண்ட் போய்விட்டது. வெளியே ஜெனரேட்டர் இரண்டு முறை உறுமிவிட்டு அடங்கிப்போனது. அடுத்த சனிக்கிழமை முதலிலிருந்து போடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அவன் வந்து சேர்ந்தானா, இல்லையா?" பஸ்ஸில் அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"போன்ல தேடிப் பாக்கவா?"

"வேணாம், வேணாம்! சொல்லிட்டா அடுத்த வாரம் எனக்கு என்ன இருக்கு?"

வாரம் முழுக்க அதே நினைப்பு. மீன் பொரிக்கும்போது, "அந்தப் பொண்ண ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?" என்பார். எந்தப் பொண்ணு என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அண்ணனும் எங்களோடு கிளம்பிவிட்டார்.

பர்மிய அம்மாள் எங்களுக்கு இடம் போட்டு வைத்திருந்தார். அண்ணன் இரண்டாம் பாட்டிலேயே தூங்கிவிட்டார். காதலன் வந்து சேர்ந்தான். அவள் எழுந்து உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் பாடினாள்.

"இவ்வளவு மூச்சு இருக்கிறவ ஏன் சாகணும்?" என்றார் அண்ணி.

அவள் செத்துத்தான் போனாள். ஒரு பக்கம் அண்ணி அழுகை, மறுபக்கம் அந்த அம்மாள் அழுகை. நடுவில் எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சத்தத்தில் அண்ணன் திடுக்கிட்டு விழித்தார்.

"என்ன ஆச்சு?"

"அந்தப் பொண்ணு போயிட்டா."

அரைத்தூக்கத்தில், "அய்யோ பாவம், எப்ப எடுக்கிறாங்க?" என்றார்.

அண்ணி அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தவர் விளக்குப் போடும் வரை நிறுத்தவில்லை.

வெளியே நல்ல மழை. எதிரே இருந்த தேநீர்க் கடைக்கு நாலு பேரும் ஓடினோம். ஒரு வாரம் முன்னால் கிளம்பியிருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அண்ணியும் அந்த அம்மாளும் காதலனைத் திட்டித் தீர்த்தபடி ஒரு தட்டு சமோசாவைக் காலி செய்தார்கள்.