இன்னாசி அண்ணன் கட்டிய தீ மணி

கூடலூரிலிருந்து மலைக்கு ஜீப் ஓட்டிய பன்னிரண்டு வருஷத்தில் நான் வாய்விட்டுத் திட்டாத ஒரே ஆள் இன்னாசி அண்ணன்தான். மற்றவர்களைத் திட்டாமல் அந்தப் பாதையில் வண்டி ஓட்ட முடியாது. மூட்டை ஏற்றுவார்கள், மூட்டை மேல் ஆள் ஏற்றுவார்கள், ஏன்யா என்று கேட்டால் பல்லைக் காட்டுவார்கள். இன்னாசி அண்ணன் மட்டும் இறங்கும்போது, "வேலு, சாப்டியா? பின்னாடி டயரு வழுக்கையாக் கெடக்கு, பாரு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நடப்பார்.

அவருடைய அப்பா கீழே ஊரில் மாதா கோயிலுக்கு மணி அடித்தவர். மகன் ஏலக்காட்டுக் கூலிக்கு மலையேறினார். பத்து வருஷம் கூலி வேலை பார்த்து, பிறகு இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, புல் வேய்ந்த குடிசை ஒன்றைப் போட்டார். அதை ஒட்டியே காய் உலர்த்த ஒரு புகை அறை. அந்தச் சரிவில் அவருடையதோடு சேர்த்து ஒன்பது குடிசைகள், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். கரண்ட் கிடையாது, ரோடு கிடையாது. குடிசைகளுக்கு முன்னால் ஒரு பெரிய பள்ளம், ஜீப் அதற்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். எதிரே பார்த்தால் குடிசைகள் தெரியும். நடந்தால் பள்ளத்தில் இறங்கி ஏற முக்கால் மணி நேரம் ஆகும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம் மதினி மதலேனாள் முதல் தடவையாக மலைக்கு வந்தார். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனிக் கீழே தனியாக எதற்கு என்று வந்தவர். வந்த பத்தாம் நாள் ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. எலும்பு வைத்தியர் ஏறி வந்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நாற்பது நாள் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நான் பார்க்கப் போனபோது மதினி சிரித்தார். "கட்டில்ல கெடக்குறதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் மேல ஏறி வந்தேனாக்கும்!"

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து அறையில் நாள் முழுக்க நெருப்பு, தலைக்கு மேலே காய்ந்த புல், எழுந்திருக்க முடியாத மனுஷி. அந்த வருஷத்தின் கடைசிக் காய் எடுப்பு நேரம், தோட்டத்துக்குப் போகாமலும் இருக்க முடியாது. அவர் என்னிடம் ஒரு பழைய பேரிங் கேட்டார். ரோட்டு வேலையில் மிஞ்சிய காலித் தார் டிரம் ஒன்றைத் தலைச்சுமையாகக் கொண்டுபோனார். கோயில் மெழுகுவர்த்தியை உருக்கி நூலில் தோய்த்து, அந்த நூலைக் கூரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, நுனியில் பேரிங்கைத் தொங்கவிட்டார். நெருப்புப் பட்டால் நூல் அறும், பேரிங் கீழே இருக்கிற டிரம்மில் விழும். தூங்கினாலும் கேட்கட்டும் என்று டிரம்மை மதினியின் கட்டிலை ஒட்டியே வைத்தார். எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டினார். 'டங்' என்று ஒரே ஒரு சத்தம், பள்ளத்துக்கு இந்தப் பக்கம் வரை கேட்கும்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த மலையில் தகரம் தட்டினால் யானை வந்திருக்கிறது என்று அர்த்தம். விடாமல் தட்டுவார்கள், புல்லைக் கொளுத்திப் புகை போடுவார்கள். கேட்டவர்கள் வெளியே நடமாடக் கூடாது, குடிசையை ஒட்டி மரத்தில் கட்டிய பரண் மேல் ஏறிவிட வேண்டும். அதனால் அண்ணன் எட்டுக் குடிசைக்கும் நடந்துபோய்ச் சொன்னார். "ஒத்தச் சத்தம் கேட்டா எங்க வீட்ல தீயி, தண்ணியோட ஓடியாங்க. விடாம அடிச்சா ஆனை, எப்பவும் போலப் பரண்ல ஏறிக்கிருங்க." மணி அடிக்கிறவர் மகன் அல்லவா, கச்சிதமாகத்தான் சொல்லியிருந்தார்.

மாசி மாதம், மதியம் மூன்று மணி இருக்கும். அரிசி வாங்க அண்ணன் இந்தப் பக்கம் வந்திருந்தார். நான் சிப்பத்தை இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 'டங்' என்றது.

அண்ணன் அப்படியே திரும்பினார். கூரை ஓரத்தில் புகை. அடுத்த குடிசைக்காரன் கோட்டைச்சாமி குடத்தோடு வெளியே ஓடிவருவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. "வந்துட்டான், கோட்டை வந்துட்டான்" என்றார் அண்ணன்.

அப்போதுதான் டிரம் திரும்பவும் அடித்தது. 'டங், டங், டங்' என்று நிற்காமல் அடித்தது. மதினி கட்டிலில் கிடந்தபடியே கைக்கு எட்டியதை எடுத்து அடித்துக்கொண்டிருந்தார்.

கோட்டைச்சாமி பாதி வழியில் நின்றான். குடத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினான். பெண்டாட்டி மலையம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரப்பரணில் ஏறினான். வரிசையாக மற்றக் குடிசைக்காரர்களும் ஏறினார்கள்.

"ஏலே கோட்டை! தீயிடா! தீயி!" அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். காற்று எங்கள் பக்கம் அடித்தது, சத்தம் எங்கே போகும்? நான் ஒரு மடையன், ஜீப்பில் தாவி ஏறி ஹாரனை அமுக்கினேன். யானையைக் கண்டால் நாங்கள் செய்வதும் அதுதான் என்பது அடித்த பிறகுதான் உறைத்தது. பரணில் இருந்தவர்கள் இன்னும் உயரத்துக்கு ஏறினார்கள்.

ஓடினோம். பள்ளத்தில் இறங்கும் வரை டிரம் சத்தம் கேட்டது. மதினி ஆள் வரும் என்று நம்பி அடிக்கிறார். அடிக்க அடிக்க யாரும் வரமாட்டார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தை நான் வெறுத்ததில்லை. ஓடையைத் தாண்டும்போது அது நின்றுவிட்டது. அண்ணன் ஒரு நொடி நின்று கேட்டார், பிறகு ஓடினார்.

மேலே ஏறியதும் மரத்திலிருந்து கோட்டைச்சாமி பதறினான். "அண்ணே, அங்கன போகாதீக! மேல ஏறுங்க, ஆனை இன்னும் போகல!"

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூரை முழுக்க உள்ளே விழுந்துவிட்டிருந்தது. மூங்கில் பத்தைக் காலோடு மதினி தவழ்ந்திருக்கிறார். வாசலுக்கு நாலு அடி இருந்தது.

கோட்டைச்சாமி இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "மதினி விடாம அடிச்சாகளேண்ணே... நீங்க சொன்னபடிதானண்ணே செஞ்சேன்..."

"ஆமாப்பா, நாந்தான் சொன்னேன். ஒம்மேல குத்தமில்ல" என்றார் அண்ணன். அவனைத் தட்டிக்கூடக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ கணக்குக் கேட்கிறவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"எட்டு வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொன்னேன் வேலு. பக்கத்துலயே கெடந்தாளே, அவகிட்ட ஏன்யா நான் சொல்லல?"